கொம்பு உடைந்த நாச்சம்மாள்

தன் இடது கொம்பின் நுனி உடைந்திருக்கிறது என்ற விஷயம் நாச்சம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரிய வந்தது. கேரளப் பக்கத்து எல்லையூரான எருத்தேன்பதியில் பாதிப் பேருக்கு அது ஒன்பதரைக்கே தெரிந்துவிட்டது.

அவள் சென்னிமலை என்பவரின் டீக்கடைக்கு வந்தது காணாமல் போன எருதைப் பற்றி விசாரிக்க. எட்டு நாளாகச் செவலையைக் காணோம். ஆடி மழை நன்றாக இறங்கி, நிலக்கடலை போடச் சொல்லி நிலம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஜோடியில் மிச்சமிருந்த மயிலை மட்டும் கட்டுத்தரையில் நின்று அசைபோட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் ஓட்டுவதும் ஒற்றைச் செருப்போடு சந்தைக்கு நடப்பதும் ஒன்றுதான். ஈரம் இன்னும் நாலைந்து நாள் தாங்கும். அதற்குள் செவலை வராவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை அம்போ.

அவளைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் கப்பென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் அவள் தலையையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, எல்லாரும் இப்பிடிப் பாக்கறாங்கொ? எந்தலையில காக்கா கீது உக்காந்திருக்குதா?"

சென்னிமலை டீயை உயரத் தூக்கி ஆற்றினார். "அம்மிணி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறேன்."

அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் இரண்டு சர்க்கார் இருந்தன.

அந்த வருஷம் கிழக்கே தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடி வந்திருந்தது. மேற்கே கேரளத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஆகவே அரிசி மேற்கே போயிற்று, சாராயம் கிழக்கே வந்தது. இரண்டும் ஒரே வண்டியில் போய் வந்ததால், வண்டி ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. இதை ஒடுக்க இரு மாநிலத்துப் பெரிய போலீஸ் அதிகாரிகளும் ஒரு பங்களாவில் கூடி, கோழி பிரியாணி சாப்பிட்டு, 'எல்லைக் குற்றத் தகவல் பரிமாற்றத் திட்டம்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற ஸ்டேஷன்கள் வாராவாரம் குறைந்தது பத்துக் குற்றவாளிகளின் விவரத்தை அச்சடித்த படிவத்தில், அதாவது பாரத்தில், நிரப்பி, அரக்கு வைத்து, மேலே சிவப்பு மசியில் 'அதிரகசியம்' என்று எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். பாரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. தப்பு இருந்தால் அனுப்பிய ஸ்டேஷன்தான் திருத்தலாம். ஆனால் பாரம் திரும்பி வந்தால்தான் திருத்தலாம். ஆள் பிடிபட்டால்தான் பாரம் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மேற்கு ஸ்டேஷன் பாரம் மலையாளத்தில் இருக்கும். கிழக்கு ஸ்டேஷனில் மலையாளம் படிக்கத் தெரிந்த ஈ காக்கை இல்லை.

இரண்டும் தெரிந்தவர் சென்னிமலை. அவர் கடையும் அப்படித்தான். அடுப்பு கேரளா, பெஞ்சு தமிழ்நாடு. செவ்வாய்க்கிழமை மேற்கிலிருந்து உறை அடுப்பங்கரைக்கு வரும். கிழக்கு ஸ்டேஷன் போலீஸ்காரர் சின்னமுத்து பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரிப்பார். சென்னிமலை சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்ல, சின்னமுத்து பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொள்வார். எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று சென்னிமலை செய்த சத்தியத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அவர் படித்ததெல்லாம் சின்னமுத்துவுக்காக. பக்கத்து ஆட்களுக்குக் காது இருந்தால் அவர் என்ன செய்வார்? வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருப்பதுபோல் ஊரே செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தது.

அன்றைக்கும் சின்னமுத்து பெஞ்சின் கோடியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சென்னிமலையண்ணா, அந்தப் பத்தாவது ஆளை இன்னொருக்காப் படீங்க. நடுவுல விட்டுப்போச்சு."

சென்னிமலை நாச்சம்மாளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாரத்தை எடுத்தார். வழக்கத்தைவிட நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"பேரு நாச்சம்மாள். ஊரு எருத்தேன்பதி. ஆணா பொண்ணா... ரெண்டையும் அடிச்சிருக்குது. நெறம் செவலை. வயசு ஆறு பல்லு. அடையாளம், நெத்தியில ரெட்டைச் சுழி, எடது கொம்பு நுனி ஒடைஞ்சது. கொணம், பழகாதவங்க கிட்டப் போனா முட்டும். பழக்கம் எள்ளுப் புண்ணாக்கு. தப்பிச்ச விதம், மூக்கணாங்கவுத்தை அறுத்துக்கிட்டு."

"கொம்புன்னா கத்தியாத்தான் இருக்கோணும்," என்றார் சின்னமுத்து எழுதிக்கொண்டே. "கடத்தல்காரங்க பாசை. புண்ணாக்குன்னா என்னவா இருக்கும்?"

"கஞ்சாவா இருக்குமுங்க," என்றது பெஞ்சு, முகத்தை வெகு பத்திரமாக வைத்துக்கொண்டு.

சின்னமுத்து அதையும் எழுதிக்கொண்டார். "எங்க எஸ்.ஐ. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆளையாச்சும் புடிச்சாகோணும்னு நிக்கறாரு. திட்டம் வந்து ஆறு மாசம். ஒருத்தரைக்கூட ஒப்படைக்கலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய ஆபீசர் வாராரு." எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டவர், பக்கத்தில் கையில் அறுந்த கயிற்றுத் துண்டோடு நின்ற நாச்சம்மாளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்கக்கா, மாட்டைத் தொலைச்சீங்களா? எங்க ஸ்டேஷன் பக்கத்துல, அனாதையாத் திரியற மாட்டை அடைக்கற பவுண்டுல ஒரு செவலை எருது நிக்குது. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஏலம். அடிமாட்டு ஏவாரி குப்பண்ணன் நெதமும் வந்து அதோட தொடையைத் தடவிப் பாத்துட்டுப் போறாரு. வந்து பேரைச் சொல்லி ஓட்டிக்கிட்டுப் போயிருங்க."

பேரைச் சொல்லி!

சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போலீஸ் கிழக்கே போயிற்று. நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

மேற்கு ஸ்டேஷனில் பாரம் நிரப்புகிற ரைட்டர் மத்தியாஸ். தேவிகுளத்துப் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அட்டையும் யானையும் அவருக்குத் தெரியும். ஏர்மாட்டை முதன்முதலில் பார்த்ததே மாற்றலாகி இங்கே வந்த பிறகுதான். எட்டு நாளைக்கு முன்னால் நாச்சம்மாள் வந்து புகார் சொன்னபோது அவர் கையில் ஒன்பது பாரம் நிரம்பியிருந்தது. பத்தாவதற்கு ஆள் கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் வினை.

"ஏட்டுத் தம்பி, எம்பேரை அந்தக் காயிதத்துல எழுதுனது நீங்கதானுங்களா?"

மத்தியாஸ் முகம் மாறியது. "எந்தக் காயிதம்க்கா?"

"எனக்குக் கொம்பு வெச்ச காயிதம்."

"அதப் பத்தி நான் பேசக் கூடாது. அதுல ஒங்க பேரு இருக்கு. அதனால ஒங்களுக்கு மட்டும் அது ரகசியம்."

"பெஞ்சுல இருக்கறவனெல்லாம் கேட்டாச்சுங்களே?"

"அவங்க பேரு அதுல இல்லையேக்கா. அவங்க கேக்கலாம்."

நாச்சம்மாள் அவரையே பார்த்தாள். அவரும் தான் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்வை மேஜைக்குத் தாழ்ந்தது.

"மாட்டுக்குத் தனியாப் பாரம் கெடையாதுக்கா," என்றார் தணிந்த குரலில். "திட்டத்துல அச்சடிச்சது மனுசப் பாரம் ஒண்ணுதான். மாடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிருக்கும்னு நீங்கதான சொன்னீங்க. அங்க தகவல் போனா மாடும் கெடைக்கும், எனக்குப் பத்தும் ஆகும்னு நெனச்சேன். பேருன்னு கேட்டிருந்துச்சு, ஒங்க பேரப் போட்டேன். அடையாளம்னு கேட்டிருந்துச்சு, நீங்க சொன்னதப் போட்டேன்."

"ஆணு பொண்ணு ரெண்டையும் எதுக்குங்க அடிச்சீங்கொ?"

"காயடிச்சதுன்னு சொன்னீங்களேக்கா." மத்தியாஸ் குரலில் உண்மையான நியாயம் இருந்தது.

"செரி, இப்பத் திருத்துங்க."

"பாரம் திரும்பி வரட்டும், மாதா சத்தியமாத் திருத்துறேன்."

"எப்ப வரும்?"

"நீங்க பிடிபட்டா."

வியாழக்கிழமை முழுக்க நாச்சம்மாள் யோசித்தாள். தனக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்பலாம் என்றால், சொந்தக்காரர் ரேஷன் கார்டோடு நேரில் வர வேண்டும் என்பது பவுண்டு சட்டம். போகாமல் இருக்கலாம் என்றால், குப்பண்ணனின் கை செவலையின் தொடை மேல் இருக்கிறது. மயிலை கட்டுத்தரையில் நின்று ஒரு குரல் கொடுத்தது. காலி நுகத்தடி சுவரில் சாய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரேஷன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிழக்கே கிளம்பினாள்.

பவுண்டின் முள்வேலிக்குள் செவலை நின்றது. அவளைப் பார்த்ததும் காதை முன்னால் மடித்து, உடைந்த கொம்பை வேலியில் உரசியது. பக்கத்தில் குப்பண்ணன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றார். நாச்சம்மாள் பவுண்டுக்காரரிடம் பேரைச் சொன்னாள். பேர் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ சின்னமுத்து வந்து நின்றார். அவர் கை பெல்ட்டைத் தடவியது. வாய், "அக்கா... நீங்களா அது?" என்றது.

எஸ்.ஐ. சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். மீசை அவருக்கு முன்னால் அறைக்குள் நுழையும். மேஜைமேல் சின்னமுத்துவின் பென்சில் எழுத்து, அதன்மேல் அரக்கு உடைந்த மலையாளப் பாரம். அவர் ஒரு கண்ணால் காகிதத்தையும் மறு கண்ணால் நாச்சம்மாளையும் பார்த்தார்.

"நீதான் நாச்சம்மாளோ?"

"ஆமாங்க சார்."

"நெறம் செவலைன்னு போட்டிருக்கு. நீ மாநெறமால்லா இருக்க. வயசு ஆறு பல்லு. எங்க, வாயத் தொற."

நாச்சம்மாள் வாயைத் திறந்தாள். எஸ்.ஐ. எட்டிப் பார்த்து எண்ணினார். பதினைந்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

"கொம்பு எங்க?"

"இல்லீங்க சார்."

"ஒண்ணுகூடப் பொருந்தலயே வேய்!" என்று சின்னமுத்து மேல் பாய்ந்தார். "நான் பெரிய ஆபீசர்ட்ட என்ன சொல்ல? ஏம்மா, நீ நாச்சம்மா இல்ல. போ, போ. போலீஸ் நேரத்தக் கெடுக்காத."

நாச்சம்மாளுக்கு மூச்சு வந்தது. "ரொம்பச் சந்தோசமுங்க சார். அப்ப என்ற எருதை ஓட்டிக்கிட்டுப் போறனுங்க."

"எந்த எருது?"

"பவுண்டுல நிக்கற செவலை. எருத்தேன்பதி நாச்சம்மாள் மாடுங்க. இதா ரேஷன் கார்டு."

எஸ்.ஐ. கார்டை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். இரண்டு பக்கமும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. "இது மலையாளத்துல இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நாச்சம்மான்னு ஒரு ஆளு உண்டுன்னு எங்க ஆபீஸ்ல இருக்க ஒரே ஆதாரம் இந்தப் பாரம்தான். அதுபடி நீ நாச்சம்மா இல்ல. அப்ப மாடு ஒனக்கு எப்படி ஆகும்?"

"நாந்தானுங்க நாச்சம்மாள்!"

"நீ நாச்சம்மான்னா உள்ள போடணும். இல்லன்னா மாடு இல்ல. எது வேணும்னு சீக்கிரம் சொல்லு. பன்னெண்டு மணிக்கு ஏலம், பன்னெண்டே காலுக்கு ஆபீசர்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். வெளியே குப்பண்ணன் ஏலத்துக்கு வேறு யாரும் வரவில்லையா என்று பவுண்டுக்காரரிடம் விசாரிக்கும் குரல் கேட்டது. இன்னும் கால் மணி. நாளைக்குச் செவலை ஏதோ கடையின் கொக்கியில் தொங்கும்.

நாச்சம்மாள் மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை சென்னிமலை நிதானமாகப் படித்த ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் அப்படியே இருந்தது.

"சார், ஒரு ரோசனை. உங்களுக்கு வேண்டியது காயிதத்துல இருக்கற ஆளு. அவ்வளவுதானுங்களே?"

"ஆமா."

"செவலை நெறம், ஆறு பல்லு, நெத்தியில ரெட்டைச் சுழி, எடது கொம்பு நுனி ஒடைஞ்சது. அறுத்த மூக்கணாங்கவுறு. அத்தனையும் பொருந்தற ஆளு எங்க இருக்குதுன்னு நான் காட்டிக் குடுத்தா?"

எஸ்.ஐ.யின் மீசை நிமிர்ந்தது. "எங்க இருக்கு?"

"உங்க பவுண்டுலயே நிக்குதுங்க. பத்து நாளா உங்க காவல்ல."

சின்னமுத்து ஜன்னல் வழியாகப் பவுண்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பிறகு தன் எழுத்தில் கஞ்சா என்று இருந்த இடத்தை மெல்லக் கட்டைவிரலால் மறைத்தார்.

"அது மாடும்மா," என்றார் எஸ்.ஐ.

"காயிதத்துல மனுசின்னு எங்கீங்க எழுதியிருக்குது? ஆணு பொண்ணு ரெண்டையுமே அடிச்சுப்புட்டாங்களே. சர்க்கார் எழுதுனது தப்பா இருக்குமுங்களா?"

சுடலைமுத்து எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆறு மாதம், நூற்றுக்கணக்கான பாரம், ஒரு ஒப்படைப்புகூட இல்லை. ஜீப் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. முட்டாளாக இருக்கலாமா, தோற்றவராக இருக்கலாமா என்று போலீஸ் மூளை அரை நிமிஷம் தராசு பிடித்தது.

"வே சின்னமுத்து!" என்றார் கம்பீரமாக. "ஏலத்த நிறுத்து. குற்றவாளிய யாரும் ஏலம் விடக் கூடாது. அந்த வெத்தல ஆளு சாட்சிய மெரட்டுதான்னு சொல்லித் தொரத்து. நாச்சம்மாளக் கைது பண்ணு!"

குப்பண்ணன் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. சின்னமுத்து கைது செய்யப் போனார். பாரத்தில் 'பழகாதவங்க கிட்டப் போனா முட்டும்' என்று எழுதியிருந்தது எத்தனை உண்மை என்பது அவருக்கு அப்போது விளங்கியது. வேலியின் மறுபக்கத்திலிருந்து அவரைத் தூக்கி எடுத்த பிறகு, எஸ்.ஐ. அறிக்கையில் இப்படி எழுதினார்: 'கைதி முரட்டுத்தனமாக நடந்துகொண்டதால், வழிப்போக்கராக வந்த ஒரு பெண்மணியின் உதவி பெறப்பட்டது.'

பன்னிரண்டேகாலுக்குப் பெரிய ஆபீசர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "ஒப்படைப்பு உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணு உண்டு சார், இப்பத்தான் பாதுகாப்போட கெளம்புது," என்றார் எஸ்.ஐ. ஆபீசர் ரோட்டைப் பார்த்தார். முன்னால் சைக்கிளை நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு ஒரு போலீஸ்காரர், பின்னால் எருதைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை. "ஒரே போலீஸ்காரர்தானா காவல்? அந்தப் பொம்பளை ஓடிவிட்டால்?" என்று கேட்டுவிட்டு, நோட்டில் ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சர்க்கார் பாதுகாப்போடு செவலை மூன்று மைல் நடந்து வந்தது.

யூனிபாரத்தோடு எல்லையைத் தாண்ட இரண்டு பக்கத்துக்கும் அனுமதி கிடையாது. ஆகவே ஒப்படைப்பு சென்னிமலையின் கடையில், அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நடந்தது. ஊரே திரண்டிருந்தது. மத்தியாஸ் வந்தார், செவலையைப் பார்த்தார், நாச்சம்மாளைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நீட்டிய காகிதத்தில் எழுதினார்: 'நாச்சம்மாள் – ஒன்று – பெற்றுக்கொண்டேன்.'

சின்னமுத்து பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் இரண்டு டீ குடித்தார்.

"ஏட்டுத் தம்பி," என்றாள் நாச்சம்மாள். "ஆளும் பிடிபட்டாச்சு, பாரமும் திரும்பி வந்தாச்சு. சத்தியம் பண்ணீங்கல்லொ? இப்ப எம்பேரை அடிங்க."

மத்தியாஸ் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அப்புறம் நின்றுவிட்டார்.

"திருத்தலாம்க்கா. சட்டத்துல எடம் இருக்கு. ஆனா ஒண்ணு. இது நாச்சம்மா இல்ல, மாடுதான்னு நான் எழுதினா, ஒப்படைச்சது தப்புன்னு ஆயிரும். அப்ப மாட்ட அவங்க பவுண்டுலயே திருப்பி விடணும். மறுபடி ஏலம்."

சென்னிமலை டீயை ஆற்றுவதை நிறுத்தினார். நாச்சம்மாள் செவலையின் நெற்றியில் இருந்த இரட்டைச் சுழியை விரலால் ஒருமுறை சுற்றினாள். மேற்கே கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவள் நிலம்.

"மூடியைப் போடுங்க தம்பி," என்றாள். "கொம்பு இருந்தா இருந்துட்டுப் போகுது."

கைதியை ஜாமீனில் விடும் காகிதமும் அங்கேயே எழுதப்பட்டது. 'கைதி: நாச்சம்மாள்' என்ற இடத்தில் செவலையின் முன்னங்குளம்பை மசியில் தோய்த்து வைத்தார்கள். 'ஜாமீன்தாரர்: நாச்சம்மாள்' என்ற இடத்தில் நாச்சம்மாள் கைநாட்டு வைத்தாள். நிபந்தனை இரண்டு. கைதி ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக் கூடாது. செவ்வாய்தோறும் வந்து கையொப்பம் இட வேண்டும். மறுநாள் விடியும்போதே செவலையும் மயிலையும் ஏரில் பூட்டி நின்றன. நிலக்கடலை ஈரத்திலேயே விழுந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ செவ்வாய். நாச்சம்மாள் பெயர் இரண்டு மாநிலத்துத் தலைமை ஆபீசுக்கும் போய், அங்கே இரும்பு பீரோக்களில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. திட்டத்தின் முதல் வெற்றி அதுதான் என்று சுடலைமுத்துவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. பீரோவின் சாவி யாரிடமும் கிடையாது, அதிரகசியம். உள்ளே என்ன இருக்கிறதென்று சென்னிமலை கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, செவலைக்கு முன்னங்கால் கொஞ்சம் நொண்ட ஆரம்பித்த சமயம், குப்பண்ணன் வெற்றிலையோடு கட்டுத்தரைக்கு வந்தார். நல்ல விலை சொன்னார். பழையதை மறந்துவிடலாம் என்றார். கை பழக்கத்தில் செவலையின் தொடைக்குப் போயிற்று.

"கையை எடுங்க," என்றாள் நாச்சம்மாள். "அது கோர்ட்டு ஆளு. ஸ்டேஷன் எல்லையைத் தாண்டப்படாது."

"ஏனம்மிணி, மாட்டுக்கென்ன கோர்ட்டு?"

"பேரு நாச்சம்மாளுங்க. செவ்வாய்க்குச் செவ்வாய் போய்க் குளம்பு வெச்சாகோணும். நீங்க அடிமாடா ஓட்டிக்கிட்டுப் போயிட்டா, அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு யாருங்க போறது? நானா?"